வாய்க்கா ஓரம் புடிச்ச படம்

அந்தச் சேர்ல குந்தாதம்மா, அதுக்கு ஒரு காலு ஆடும். பாஸ்போர்ட் போட்டோவுக்கு வர்றவங்களத்தான் அதுல குந்த வெப்போம். எங்க உழுந்துடுவோமோன்னு பயந்துகினு ஆடாம அசையாம இருப்பாங்க, போட்டோ நல்லா வரும். நீ இப்பிடி ஃபேனுக்குக் கீழ வந்துடு. ம். படம்தான, பேசலாம். வந்ததும் வராததுமா அதையே கேட்டா எப்பிடி. பெங்களூர்லேர்ந்து பஸ்ல வந்த அலுப்பு மூஞ்சியிலயே தெரியுது. டீ சொல்லட்டுமா? வேணாமா. மோரு? அதுவும் வேணாமா. சரி, கோவம் ஆறட்டும், அப்புறம் குடிப்ப.

எங்க வூட்டுக்காரரு இல்லம்மா. பெருமுக்கல் மலைக்கோயில்ல ஒரு கல்யாணம், காலைலயே வீடியோ எடுக்கப் போயிட்டாரு. நான்தான் ஸ்டுடியோவப் பாத்துக்கறேன். உன்ன யாருன்னு தெரியாமலா பேசறேன், நல்லா கேட்ட போ. நீ ரோட்ட தாண்டி வர்றப்பவே அவருகிட்ட சொன்னேன், அப்பாவு மாமா பொண்ணு ஜெயப்ரியா வருதுன்னு. அப்பிடியே உங்கப்பா நடை. வரப்பு மேல நடக்கற மாதிரி ஒரு காலுக்கு நேரா இன்னொரு காலு வெச்சி.

இன்னா சிரிக்கற?

ஓ. காலைலயே போனவருகிட்ட இப்ப எப்பிடி சொன்னேன்னு கேக்கறியா. நல்லாத்தான் புடிக்கற. சும்மாவா படிக்க வெச்சாரு உங்கப்பா. சரி, ஒளிச்சி இன்னா ஆவப்போவுது. இருந்தாரு. உன் தலையப் பாத்ததும் பின்வாசல் வழியா பூந்து போயிட்டாரு. செருப்பு கூட போடல, த்தோ கெடக்குது பாரு. கல்யாணம் பெருமுக்கல்ல இருக்கறது நெஜம், ஆனா அது நாளைக்கு. உனக்கு பயந்துகினு போவல. உங்கிட்ட பேசறதுக்கு அவருக்கு வாய் வராது. அவரு வாய்க்கும் சேத்து எனக்குத்தான் ஆண்டவன் குடுத்திருக்கான்.

நீ மொதல்ல சொல்லு, உங்க சித்தப்பா இன்னா சொன்னாரு? நெஜமா எனக்குத் தெரியாது, அதான் கேக்கறேன்.

ம்.

ம். சாவறதுக்கு முன்ன எங்கண்ணன் என்கூட ராசி ஆயிட்டாரு, உப்பளத்து வாய்க்கா ரெண்டு பேருக்கும் பொதுன்னு அவரு வாயாலயே சொன்னாரு, கேசு வேணாம்னாரு, அத ஸ்டுடியோ கண்ணாயிரம் படம் புடிச்சான், வேணும்னா போய்ப் பாத்துக்கோன்னு. அப்பிடித்தான சொன்னாரு? உன்னால நம்ப முடியல. எங்கப்பா எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லலியேன்னு நெனைக்கற. வக்கீலும் படம் இருந்தா கொண்டா, இல்லன்னா உங்க சித்தப்பா கத உடறாரு, கேச உடாத நடத்தலாம்னு சொல்லிட்டாரு. நான் தப்பு சொல்லலம்மா. அண்ணனும் தம்பியும் அத்தினி வருசம் மூஞ்சி கொடுத்துப் பேசிக்காம இருந்தத ஊரே பாத்திருக்குது. உன் எடத்துல நான் இருந்தாலும் அப்பிடித்தான் நெனைப்பேன்.

படத்துக்குத்தான் வர்றேன். ஆனா அந்தக் கேமரா எப்பிடி வந்துச்சி, எப்பிடி ஓடிச்சின்னு தெரிஞ்சாத்தான் மத்தது உனக்குப் புரியும். உனக்கு பஸ்ஸு சாயங்காலம்தான? அப்புறம் இன்னா. கேளு.

எனக்கு ஒரு வாஷிங் மெஷின் வேணும்னு ரொம்ப நாளா நச்சரிச்சிகினு இருந்தேன். குயிலாப்பாளையத்துல ஒரு கெஸ்ட் ஹவுஸ மூடறாங்க, வெள்ளக்காரங்க ஊருக்குப் போறாங்க, சாமானெல்லாம் விக்கறாங்க, மெஷினும் நல்லா இருக்குதுன்னு தெரிஞ்சவங்க சொன்னாங்க. காலைல ஒரு குட்டியானை வண்டிய வாடகைக்குப் புடிச்சிகினு போனாரு. நான் இங்க பின்பக்கம் கல்லு போட்டு, கொழா இழுத்து, மெஷினுக்கு எடம் பண்ணி வெச்சிட்டேன். சாயங்காலம் வண்டி வருது. பின்னாடி ஒன்னுமில்ல. மெஷின கட்டறதுக்கு எடுத்துகினு போன கயிறு சுருட்டிக் கெடக்குது. இவரு டிரைவர் பக்கத்துல, மடியில ஒரு தோல் பொட்டிய வெச்சிகினு, பொறந்த கொழந்தைய ஆஸ்பத்திரிலேர்ந்து தூக்கினு வர்ற மாதிரி குந்தியிருக்காரு.

மெஷின் எங்கன்னு கேட்டேன். இதுவும் மெஷின்தான் விஜயா, சாவி முறுக்குனா போதும், கரண்டே வேணாம்னாரு. துணி தொவைக்குமான்னு கேட்டேன். பொட்டிய இன்னும் இறுக்கி அணைச்சிகினாரு.

அன்னிக்கு அதுக்கு நான் வெச்ச பேரு சக்களத்தி. அந்தக் கண்ணாடி பீரோவுல மேல் தட்டப் பாரு. பச்சத் துணி போத்திகினு குந்தியிருக்கா பாரு, அவதான். தொடாத, அவரு வந்தா கைரேகைய வெச்சே கண்டுபுடிச்சிடுவாரு. சினிமா கேமரா. நெஜ ஃபிலிமு போட்டு ஓட்டறது. இவரு பொறக்கறதுக்கு முன்னாடியே செஞ்சதாம். பக்கத்துல ஒரு சாவி இருக்கும். முறுக்கி உட்டா கிர்ர்ருன்னு ஓடும், கொஞ்ச நேரத்துல நின்னுடும், மறுபடி முறுக்கணும். ஸ்பிரிங்கு. மூஞ்சியில மூணு லென்ஸ் மாட்ட எடம் இருக்குது. கிட்ட பாக்க ஒன்னு, சாதாரணமா பாக்க ஒன்னு, தூரத்துல இருக்கறத இழுக்கறதுக்கு ஒன்னு. ஆனா நம்ம வூட்டுக்கு வர்றப்போ ஒத்தக் கண்ணோடதான் வந்தா. மத்த ரெண்டு எடமும் ஓட்ட.

அந்த ரெண்டு கண்ணுக்கு இவரு அலஞ்ச அலச்சல் இருக்குதே, எங்களுக்குப் பொண்ணு இருந்து மாப்ள பாத்திருந்தா கூட அப்பிடி அலஞ்சிருக்க மாட்டாரு. லென்ஸ திருகி மாட்டற மரை ஒத்துவருதான்னு பாக்கணும் இல்ல, அதனால எங்க போனாலும் கேமராவயும் பையில போட்டுகினு போறது. ஜாதகத்த இடுப்புல சொருவிகினு திரியறவங்க மாதிரி. ஒரு கண்ணு பாண்டிச்சேரி ஞாயித்துக்கிழமை சந்தையில கெடச்சிது, ஓடாத கடியாரம், இஸ்திரிப் பொட்டி, மிக்ஸி ஜாரு இதுங்களுக்கு நடுவுல. இன்னொன்ன பொம்மையார்பாளையத்துல ஒருத்தரு பேப்பர் பறக்காம இருக்க மேல வெச்சிருந்தாரு. இவரு போய், அது லென்ஸுங்க, அது மேல இப்பிடி வெயில் பட உடாதீங்க, பேப்பரு பத்திக்கும்னு பயமுறுத்தி வாங்கினு வந்தாரு. பொய்யெல்லாம் இல்ல, பத்திக்குமாம்.

வாங்கிட்டா ஆச்சா. நம்ம ஊரு காத்துல உப்பு இருக்குதே. இரும்புக் கேட்டயே தின்னுடற காத்து, கண்ணாடிய உடுமா. லென்ஸுக்கு உள்ள காளான் பூத்துடுச்சி. வெளிச்சத்துல காட்டுவாரு, நல்லா நெளிநெளியா கோலம் போட்ட மாதிரி இருக்கும். அழகாத்தான இருக்குதுன்னு சொன்னேன், வெடுக்குன்னு புடுங்கினு போயிட்டாரு. அப்புறம் எந்தச் செருப்புக் கடைக்குப் போனாலும், பொட்டிக்குள்ள குட்டியா ஒரு பொட்டலம் போட்டிருப்பாங்களே, ஈரத்த இழுக்கறது, அத கேட்டு வாங்கினு வர்றது. செருப்பு வாங்காம பொட்டலம் மட்டும் வாங்கற ஒரே ஆளு மரக்காணத்துல இவருதான். அதுவும் பத்தலன்னு ஒரு நாளு அரிசி டிரம்முல பொதைச்சி வெச்சிட்டாரு. எங்கிட்ட சொல்லல. நான் உலைக்கு அரிசி அளக்கறேன், படியோட வருது ஒரு கண்ணு. என்னயே பாக்குது. கொஞ்சம் அசந்திருந்தா அன்னிக்கு லென்ஸ் சோறுதான்.

சிரி, சிரி. சிரிச்சா உங்கப்பா ஜாடை இன்னும் நல்லா தெரியுது.

இப்பக் கேளு, மொத ஃபிலிமு. அது இங்கல்லாம் எங்கயும் கெடைக்கறதில்ல இப்ப. யார் யாரோ மூலமா சொல்லி ஒரு சுருளு வந்துச்சி. அத ஃபிரிட்ஜுல வெக்கணுமாம். என் தோச மாவு பக்கத்துல வெச்சி, அதுக்கு மேல தொடாதேன்னு சீட்டு வேற. நல்ல நாளு பாத்து, காலைல உப்பளத்துக்குப் போனாரு. வெள்ள வெளேர்னு பாத்தி, பொம்பளைங்க வரிசையா உப்புக் கூடைய தூக்கினு வர்றாங்க, கழுவேலி ஏரி பக்கத்துலேர்ந்து பறவைங்க கூட்டமா எழும்புது. எல்லாத்தயும் புடிச்சேன், இதுமாரி எவனும் புடிச்சதில்லன்னு வந்து சொன்னாரு. அன்னிக்கு சோறு கூட சரியா துன்னல, அவ்ளோ சந்தோசம். மும்பைக்கு அனுப்பி, கழுவி, அது கம்ப்யூட்டர்ல ஏறி வர்றதுக்கு மாசக்கணக்கு ஆச்சி. போட்டுப் பாத்தா ஒரே இருட்டு. அமாவாச. மொதல்லேர்ந்து கடசி வரைக்கும் கருப்பு.

இன்னா ஆச்சின்னா, அந்தக் கேமராவுல நாம பாக்கற கண்ணு வேற, அது புடிக்கற கண்ணு வேற. நாம பக்கத்துல இருக்கற குட்டி ஜன்னல்ல பாத்துகினு இருப்போம், எல்லாம் ஜோரா தெரியும். லென்ஸு மேல இருக்கற மூடிய இவரு கழட்டவே இல்ல. புருசன் பேரச் சொல்லக் கூடாதும்பாங்க, இதுக்குச் சொல்லாம முடியாது. பேரு கண்ணாயிரம். ஆயிரம் கண்ணு இருந்து இன்னா, மூடியக் கழட்டணும் இல்ல.

நான் சிரிக்கல அன்னிக்கு. சத்தியமா. குந்திகினு அந்தக் கருப்பயே பாத்துகினு இருந்தாரு, முழுசா ஓடி முடியற வரைக்கும். பாவமா இருந்துச்சி. அதனால ரெண்டாவது சுருளுக்கு நானே என் அண்ணன்கிட்ட சொல்லி வெச்சேன், சவுதியிலேர்ந்து வர்றவங்க மூலமா வந்துச்சி. இத இவருகிட்ட சொல்லிக் காட்டாத.

அந்த ரெண்டாவது நல்லா வந்துச்சி. மூடி கழட்டியாச்சி. ஆனா வேகம் வெக்கற திருவாணிய கம்மியா வெச்சிட்டாரு போலக்குது, அப்பிடி புடிச்சா ஓட்டறப்போ வேகமாத் தெரியுமாம், படத்துல எல்லாரும் எறும்பு மாதிரி குடுகுடுன்னு ஓடறாங்க. உங்க களத்துல உப்பு வாருவாங்களே சாமுண்டீஸ்வரி, அவங்க போன்ல அதப் பாத்துட்டு, நான் இவ்ளோ சுறுசுறுப்பா, அப்ப கூலிய ஏத்திக் குடுக்கச் சொல்லுன்னாங்க. அது போன் போனா பரவி, ஊருல ஒருத்தர் பாக்கி இல்லாம வந்துட்டாங்க. என்னப் புடி, எம் பேரனப் புடி, எங்க மாட்டப் புடி, படகப் புடின்னு. டிரோன்ல கல்யாணம் எடுத்தவங்களுக்கு கூட இதுல வரணும்னு ஆச. ஃபிலிம் இல்லங்க, வந்ததும் புடிக்கறேன்னு சொல்லிப் பாத்தாரு. எவன் நம்பறான். ஆளு பாத்துப் புடிக்கறான்னு பேச்சி. எங்க ஆளுக்கு யாருகிட்டயும் இல்லன்னு சொல்ல வராது. அதனால ஒரு வழி பண்ணாரு. வர்றவங்கள நிக்க வெச்சி, சாவிய முறுக்கி, கிர்ர்ருன்னு ஓட்டுவாரு. உள்ள ஒன்னும் இருக்காது. அவங்களும் சந்தோசமா போவாங்க. நான் திட்டுனேன், இது இன்னாய்யா ஊர ஏமாத்தற வேலன்னு. ஓட்டாம வெச்சா ஸ்பிரிங்கு இறுகிடும் விஜயா, இந்தக் காத்துக்கு அப்பப்ப ஓட்டியே ஆவணும்னாரு. எப்பிடி சமாளிப்பு பாரு.

ஏம்மா மூஞ்சி மாறுது.

இரு. எழுந்திருக்காத. கேளு மொதல்ல. அந்த நாள சொல்றேன்.

உங்க களமும் உங்க சித்தப்பா களமும் எப்பிடி இருக்குது, நடுவுல அந்த வாய்க்கா. உப்பங்கழியிலேர்ந்து தண்ணி வர்றதுக்கு அது ஒன்னுதான் வழி. அது யாருதுன்னுதான் சண்ட. உனக்கு நான் சொல்லணுமா. நீ ஸ்கூல் படிக்கறப்போ ஆரம்பிச்சது. டீக்கடையில உங்கப்பா இருந்தா சித்தப்பா வர மாட்டாரு, சித்தப்பா இருந்தா உங்கப்பா அந்தப் பக்கம் திரும்பக் கூட மாட்டாரு. ஒருத்தருக்கு ஒருத்தரு எதுனா சொல்லணும்னா களத்துல திரியற நாயப் பாத்து சொல்லுவாங்க. டேய், மடைய தெறந்து உட்டுட்டு போயிட்டா ஆச்சான்னு நாய கேப்பாரு உங்கப்பா. அந்தாண்டலேர்ந்து உங்க சித்தப்பா, அது எங்க மடைன்னு சொல்லுடா இவருகிட்டன்னு அதே நாய்கிட்ட சொல்லுவாரு. அந்த நாயிக்கு மட்டும் பேச்சி வந்திருந்தா கோர்ட்டுல அதத்தான் சாட்சி கூப்பிட்டிருப்பாங்க.

போன சித்திரையில ஒரு நாளு. காலைல இவரு கேமராவ எடுத்துகினு அங்க போனாரு. நானும் கூட போனேன். லென்ஸு மேல வெயில் படாம கொட புடிக்க ஆளு வேணும் இல்ல, சக்களத்திக்கு கொட புடிச்ச ஒரே பொம்பள நான்தான். ரெண்டு களத்து முதலாளிங்களும் வந்து நில்லுங்க, உப்பு அம்பாரத்தோட ஒரு படம் புடிக்கறேன்னு சொல்லி அனுப்பியிருந்தாரு. உங்க சித்தப்பா நல்லா சலவை சட்ட, தலைக்கு மை வேற அடிச்சிகினு வந்துட்டாரு. எனக்கு சிரிப்பு தாங்கல. உங்கப்பா சாதாரணமாத்தான் வந்தாரு, தோள்ல துண்டு. உங்கப்பா வாய்க்காவுக்கு இந்தாண்ட, சித்தப்பா அந்தாண்ட. ஒருத்தர ஒருத்தரு பாக்கல.

எங்க ஆளு கேமராவுக்குப் பின்னாடி நின்னுகினு, கிட்ட வாங்க மாமா, ரெண்டு பேரும் ஒன்னா வந்தாத்தான் படத்துல உழுவீங்கன்னாரு. உங்க சித்தப்பா அசையல. அவர வரச் சொல்லு, நான் ஏன் போவணும்னாரு. நாய்கிட்ட இல்ல, எங்க ஆளுகிட்ட. நானும் எவ்ளோ நேரம்தான் கொடைய புடிச்சிகினு நிக்கறது. படம் புடிக்கறவரு சொன்னா கேளுங்க மாமான்னு நானும் சொன்னேன். உங்கப்பா வேட்டிய மடிச்சி கட்டுனாரு. வாய்க்காவுல எறங்கிட்டாரு. பலகை போட்டிருக்குது கொஞ்சம் தள்ளி, அதுல போயிருக்கலாம். போவல. நேரா எறங்கினாரு. சேறு முட்டி வரைக்கும். நடுவுல காலு மாட்டிகிச்சி. எடுக்க வரல அவருக்கு, மூச்சு வாங்குது.

உங்க சித்தப்பா பாத்துகினு நின்னாரு. கொஞ்ச நேரம். அப்புறம் அந்தச் சலவ சட்டையோட கரையில குந்தி கைய நீட்டினாரு. உங்கப்பா புடிச்சிகினாரு. இழுத்தாரு. மேல வந்ததும் கைய உடணும் இல்ல, ரெண்டு பேருமே உடல. எங்க ஆளு ஓட்டிகினே இருக்காரு, ஸ்பிரிங்கு நின்னு போவுது, முறுக்கறாரு, மறுபடி ஓட்டறாரு. அவரு கண்ணுல தண்ணி வந்துடுச்சி, ஜன்னல்ல ஒன்னும் தெரியலன்னு அப்புறம் சொன்னாரு.

பேசுனாங்களான்னு கேக்கற. பேசுனாங்க. உங்கப்பாதான் மொதல்ல. தண்ணி வர்ற வழிடா அது, அத எப்பிடிடா ரெண்டா வெட்டறது, பொதுவாவே இருக்கட்டும்னாரு. கேசு இன்னா ஆவறதுன்னு கேட்டாரு உங்க சித்தப்பா. அது கெடக்குது, நான் பாத்துக்கறேன்னாரு. அப்புறம் உங்க சித்தப்பா தலையப் பாத்து, மை வழியுதுடா காதோரம்னு துண்டால தொடச்சி உட்டாரு. சின்னப் புள்ளைக்கு தொடைக்கற மாதிரி. சாமுண்டீஸ்வரி கூட அங்கதான் இருந்தாங்க, கூடைய எறக்கி வெச்சிட்டு பாத்துகினு நின்னாங்க. போய் கேளு. வரிசையா நின்ன அத்தன பேரும் பாத்தாங்க.

ஆமாம்மா.

நீ நெனைக்கறது சரிதான். அன்னிக்கும் கேமராவுல ஃபிலிம் இல்ல.

உக்காரு. ஜெயா, உக்காரும்மா. கோவப்படு, அதுக்காக எழுந்து போவாத. இதச் சொல்ல முடியாமத்தான் அந்த மனுசன் செருப்பு கூட போடாம ஓடுனாரு. ஃபிலிம் இருந்திருந்தா கூட உங்க வக்கீலுக்கு அது ஒன்னும் சொல்லியிருக்காது, அந்தக் கேமராவுல சத்தமே ஏறாது. ரெண்டு வயசானவங்க வாய அசைக்கறதுதான் தெரிஞ்சிருக்கும். பேசுனத காதால கேட்டது நாங்கதான்.

எங்கப்பாவ ஏமாத்திட்டீங்களேன்னு சொல்ற. அதுக்குத்தான் உன்ன குந்த சொல்றேன். உங்கப்பாவ யாரும் ஏமாத்தல. அவருக்குத் தெரியும்.

அதுக்கு மொத நாளு இங்க வந்தாரும்மா. இங்கதான், இதே எடத்துல நின்னாரு. எதுக்கோ டவுனுக்கு வந்தவரு, எங்க ஆளு ஸ்பிரிங்க ஓட்டிகினு இருக்கற சத்தம் கேட்டு உள்ள வந்தாரு. உள்ள இன்னாடா ஓடுதுன்னு கேட்டாரு. உங்கப்பா மூஞ்சியப் பாத்து இவருக்குப் பொய் வராது. ஒன்னும் இல்ல மாமா, சும்மா ஓட்டறேன், ஃபிலிம் வர இன்னும் நாளு ஆவும்னு உண்மையச் சொல்லிட்டாரு. உங்கப்பா அந்தக் கேமராவ கையில வாங்கிப் பாத்தாரு. அப்புறம், நாளைக்கு காலைல இத எடுத்துகினு எங்க களத்துக்கு வா, தம்பியயும் வரச் சொல்லு, நான் சொன்னேன்னு சொல்லாதன்னாரு. கிட்ட நில்லுங்க கிட்ட நில்லுங்கன்னு சொல்லிகினே இரு, நான் மொறச்சாலும் உடாதன்னாரு. எங்க ஆளு, இருங்க மாமா, ஃபிலிம் வந்துடட்டும், நல்லாவே புடிச்சிடலாம்னாரு. எனக்கும் அதான் சரின்னு பட்டுச்சி. அத்தினி வருசம் கழிச்சி ரெண்டு பேரும் ஒன்னா நிக்கப்போறாங்க, அது படமா இருக்கணும் இல்ல.

உங்கப்பா வேணாம்னுட்டாரு. வெறும் கேமராதான் வேணும், அதான் நல்லதுன்னாரு. அவன் பக்கத்துல போய் நிக்க எனக்கு ஒரு சாக்குதான் வேணும், படம் வேணாம்னாரு. படம்னு ஒன்னு ஆயிட்டா, நாளைக்கு எம் பொண்ணு வருவா, இல்ல அவன் வருவான், யாராவது அத எடுத்துகினு போய் வக்கீல் கைல குடுப்பாங்க, இதுவும் கேசோட சேந்துடும், இது ஒன்னாவது அதுல சேராம இருக்கட்டும்னாரு.

அவரு சொன்னத அப்பிடியே சொல்றேன், நான் ஒன்னும் சேத்து சொல்லல. உங்கிட்ட அவரே சொல்லுவாருன்னுதான் நாங்க இருந்தோம். கேச வாபஸ் வாங்கிட்டுதான் சொல்லணும்னு நெனச்சாரோ இன்னாவோ. அதுக்குள்ள ஐப்பசி மழையில அப்பிடி ஆயிடுச்சி.

இந்தா, முந்தானைல தொடச்சிக்கோ, பரவால்ல, தொவைக்கற துணிதான்.

இன்னும் ஒன்னு இருக்குதும்மா, அதுக்குத்தான் உன்ன இவ்ளோ நேரம் புடிச்சி வெச்சிகினு இருந்தேன். உங்க சித்தப்பாவுக்கு இது எதுவும் தெரியாது. படம் இருக்குதுன்னுதான் நம்பிகினு இருக்காரு. உங்கப்பா காரியம் முடிஞ்சதுலேர்ந்து வாரத்துக்கு ஒரு வாட்டி வந்துடறாரு, மும்பையிலேர்ந்து வந்துடுச்சா கண்ணாயிரம், எங்கண்ணன ஒரு தடவ பாத்துட்டு போறேன்னு. ஒவ்வொரு வாட்டியும் எங்க ஆளு, வரும் மாமா வரும்னு சொல்லிட்டு, பின்னாடி போய் நின்னுகினு மூக்க சிந்தறாரு. எங்களால முடியல. அது இல்லாத படம்னும் அவருகிட்ட சொல்லணும், அத புடிக்கச் சொன்னதே அவரு அண்ணன்தான்னும் சொல்லணும். ரெண்டயும் ஒன்னா சொல்ற உரிம உனக்குத்தான் இருக்குது. பஸ்ஸுக்குப் போற வழியிலதான அவரு களம். இப்ப அங்கதான் இருப்பாரு.